பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்த வருஷங்கள்

போன வருஷம் மாட்டுப்பொங்கல் அன்னைக்கு காலைல, மாமா வெட்டிக் குடுத்த கரும்புத் துண்டை எப்பவும் போல கடைவாயில வச்சு ஒரு கடி கடிச்சு இழுத்தேன், வலது காதுக்கு முன்னாடி ஏதோ நழுவின மாதிரி இருந்துச்சு, அவ்ளோதான், அதுக்கப்புறம் வாயை முழுசா திறக்க முடியல. ரெண்டு விரல் நுழையற அளவுக்கு திறக்குது, அதுக்கு மேல உள்ள இருந்து யாரோ பிடிச்சு நிறுத்துற மாதிரி நின்னுடுது. வீடு முழுக்க சொந்தக்காரங்க. மத்தியானம் இலைல உக்காந்து சோத்தை உருண்டை பிடிக்காம விரல் நுனியால கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளிக்கிட்டு இருந்தேன், யார்கிட்டயும் சொல்லல. சாயங்காலம் எல்லாரும் கிளம்பினதுக்கு அப்புறம்தான் என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்.

இது திடீர்னு வந்தது இல்லை. நான் மதுரைல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல அக்கவுன்ட்ஸ் பாக்கறேன், பதிமூணு வருஷம் ஆச்சு. இந்த வேலைல இருக்கறவங்களுக்கு 11ஆம் தேதி, 20ஆம் தேதின்னு சொன்னாலே போதும், ஒண்ணு ஜிஎஸ்டிஆர் 1, இன்னொண்ணு 3பி, ரெண்டும் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் பண்ண கடைசி நாள், மாசாமாசம் இந்த ரெண்டு தேதிக்கு நடுவுலதான் எங்க உசுரு ஓடும். அந்த நாட்கள்ல காலைல எந்திரிக்கும்போதே ரெண்டு கன்னமும் இறுகிப்போய் இருக்கும், ராத்திரி முழுக்க எதையோ மென்னுக்கிட்டே இருந்த மாதிரி. நெத்திப்பொட்டு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், தைலத்தை தேய்ச்சுக்கிட்டு பஸ் ஏறிடுவேன். வலது காது அடைச்ச மாதிரியே இருக்கும். கொட்டாவி விட்டா டக்குன்னு ஒரு சத்தம், மூடும்போது சின்னதா இன்னொரு டக். நாலஞ்சு வருஷமா இப்படித்தான்.

காது வலிக்காக காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட மூணு தடவை போயிருக்கேன். மூணு தடவையும் லைட் அடிச்சு பாத்துட்டு காது சுத்தமா இருக்கும்மான்னு சொல்லி சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாங்க. தலைவலிக்கு வேற டாக்டர், மைக்ரேன்னு மாத்திரை. பல்லு கூசுதுன்னு வேற ஒரு இடத்துல பேஸ்ட் மாத்தச் சொன்னாங்க. ஒரே முகத்துல ஒரு சாண் இடத்துக்குள்ள இருக்கற வலிக்கு மூணு டாக்டர், மூணு சீட்டு, மூணு மருந்து, ஆனா ஒருத்தர் கூட காதுக்கு முன்னாடி விரலை வச்சு வாயைத் திறந்து மூடுங்கன்னு சொல்லல. நம்ம ஊர்ல மட்டும் இப்படி இல்லைன்னு பிற்பாடு படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். அமெரிக்காவோட தேசிய அறிவியல் அகாடமிகள் 2020ல இந்த தாடை மூட்டுப் பிரச்சனையைப் பத்தி ஒரு பெரிய அறிக்கை போட்டாங்க, அதுலயும் இதைத்தான் சொல்றாங்க, பல் மருத்துவம் ஒரு பக்கம் மத்த மருத்துவம் ஒரு பக்கம்னு பிரிஞ்சு கிடக்குறதுனால இந்த நோயாளிங்க நடுவுல மாட்டிக்கிட்டு அலையறாங்கன்னு.

பொங்கல் முடிஞ்சு முதல்ல நான் போன பல் கிளினிக் பேரை சொல்ல விரும்பல. உக்கார வச்ச பத்து நிமிஷத்துல உங்க கடி சரியில்லை, மேல் பல்லும் கீழ் பல்லும் பொருந்தல, அதனாலதான் மூட்டு போச்சு, சில பல்லை ராவி எட்டு பல்லுக்கு கேப் போட்டு கடியை மாத்திடலாம்னு சொன்னாங்க. எனக்கு இருந்த வலில சரின்னு சொல்லியிருப்பேன். அட்வான்ஸ் கட்டக்கூட தயாரா இருந்தேன். அவருதான் கையைப் பிடிச்சு, நல்ல பல்லை எதுக்கு ராவணும், இன்னொருத்தர்கிட்ட கேட்டுட்டு வருவோம்னு கூட்டிட்டு வந்தாரு. அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்னைக்கும் அவருக்கு கடன்பட்டிருக்கேன், ஏன்னா ராவின பல்லு ராவினதுதான். பல்லோட மேல் பூச்சான எனாமல் நம்ம உடம்புலயே ரொம்ப கெட்டியான பொருள், ஆனா போச்சுன்னா திரும்ப வளராது.

ரெண்டாவதா பாத்தவங்க ஓரல் மெடிசின், அதாவது வாய், தாடை நோய்களுக்கான படிப்பு, படிச்ச டாக்டரம்மா. பல் மருத்துவத்துலயே இப்படி ஒரு பிரிவு இருக்குன்னு எனக்கு அன்னைக்குதான் தெரியும். அவங்க வாய்க்குள்ள பாக்கறதுக்கு முன்னாடி என் முன்னாடி உக்காந்து ரெண்டு காதுக்கும் முன்னாடி விரலை வச்சு, மெதுவா திறங்க, மூடுங்க, தாடையை இடது பக்கம் நகத்துங்க, வலது பக்கம் நகத்துங்கன்னு பாத்தாங்க. ஒரு சின்ன ஸ்கேலை வச்சு அளந்தாங்க, 27 மில்லிமீட்டர். சாதாரணமா பெரியவங்களுக்கு 40லேருந்து 50 வரைக்கும் திறக்கணும். வீட்லயே பாக்கறதுன்னா உங்க கையோட நடு மூணு விரலையும் ஒண்ணு மேல ஒண்ணா மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவுல வச்சு பாருங்க, போச்சுன்னா சரியா இருக்குன்னு அர்த்தம். அப்புறம் அவங்க கேட்ட ஒரு கேள்வி என்னால மறக்க முடியாது. "இதுக்கு முன்னாடி டக்கு டக்குன்னு சத்தம் கேட்டிருக்குமே, பொங்கலுக்கு அப்புறம் அந்த சத்தம் நின்னுடுச்சா?" ஆமா, நின்னுடுச்சு. நான் கவனிக்கவே இல்லை.

அவங்க சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். தாடை மூட்டு காதுக்கு கொஞ்சம் முன்னாடி இருக்கு, கீழ்த்தாடையோட குமிழ் மாதிரியான நுனி மண்டை எலும்புல இருக்கற ஒரு குழிக்குள்ள உக்காந்திருக்கு. காதுத் துளைக்கு அவ்ளோ பக்கத்துல இருக்கறதுனாலதான் அங்க வலிச்சா காது வலிக்கிற மாதிரியே தெரியுது. முதல்ல கொஞ்ச தூரம் அது கதவுக் கீல் மாதிரி சுத்துது, அதுக்கு மேல வாயைத் திறக்கணும்னா குமிழே குழியை விட்டு முன்னாடி வழுக்கிக்கிட்டு வரணும், மேஜை இழுப்பறையை இழுக்கற மாதிரி. சுத்தவும் செய்யணும், வழுக்கவும் செய்யணும், அதுவும் ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல, ஏன்னா கீழ்த்தாடை ஒரே எலும்பு. இந்த குமிழுக்கும் குழிக்கும் நடுவுல ஒரு வட்டு இருக்கு, டிஸ்க்னு சொல்றாங்க. சுமை தூக்கறவங்க தலைக்கும் குடத்துக்கும் நடுவுல துணியை சுருட்டி சும்மாடு வைப்பாங்கல்ல, அது மாதிரிதான். சும்மாடு லேசா முன்னாடி நழுவிடுச்சுன்னா, வாயைத் திறக்கும்போது குமிழ் அதுமேல ஏறி உக்காரும், அதுதான் முதல் டக். மூடும்போது திரும்ப நழுவும், அது ரெண்டாவது டக். ஒருநாள் சும்மாடு ஒரேயடியா முன்னாடி போய் சிக்கிக்கிட்டா குமிழால அதுமேல ஏறவே முடியாது, முன்னாடி வழுக்கவும் முடியாது, கீல் மாதிரி சுத்தறது மட்டும்தான் மிச்சம், அதனாலதான் 27லயே நிக்குது. ஏறி இறங்கறதே இல்லைங்கறதால சத்தமும் இல்லை. சத்தம் நின்னா குணமாயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்கன்னு சொன்னாங்க.

அதே நேரம் சத்தம் கேக்குதுன்னு பயப்படவும் வேண்டாம். வலி இல்லாம, வாய் நல்லா திறந்து மூடிக்கிட்டு வெறும் டக் மட்டும் கேக்கறவங்க ஏராளமா இருக்காங்க, அவங்கள்ல ரொம்ப பேருக்கு அது வாழ்நாள் முழுக்க அப்படியே இருந்துட்டுப் போகும், வைத்தியமே தேவையில்லை. அந்த சத்தத்தை வச்சு பயமுறுத்தி ஏதாவது பண்ணச் சொன்னா எழுந்து வந்துடுங்க. எனக்கு வலியும் அடைப்பும் இருந்ததுனாலதான் வைத்தியம். அதுவும் எல்லாருக்கும் மூட்டுலதான் கோளாறுன்னு இல்லை, பாதிக்கு மேல கன்னத்துல இருக்கற மெல்லுற தசையும் நெத்திப்பொட்டுல விரிஞ்சு கிடக்கற தசையும்தான் வலிக்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டு நெத்திப்பொட்டைத் தொட்டுப் பாருங்க, விரலுக்கு அடில ஒண்ணு புடைக்கும், அதுதான். என் தைலம் முழுக்க வருஷக்கணக்கா அந்த தசைமேலதான் தேய்ஞ்சிருக்கு.

இப்ப பல்லைக் கடிக்கிற விஷயத்துக்கு வரேன்.

நான் தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிக்கிறேன்னு அவரு கல்யாணமான புதுசுலயே சொன்னாரு. என் பையனுக்கு ஆறு வயசு, அவனும் கடிப்பான். அவன் கடிக்கிற சத்தம் கேட்டா அத்தை உடனே வயித்துல பூச்சி இருக்குன்னு வேப்பங்கொழுந்தை அரைச்சு சுண்டைக்காய் சைஸுக்கு உருட்டி வாயில போட்டுடுவாங்க. எங்கம்மா வீட்லயும் இதே நம்பிக்கைதான், நம்ம பக்கத்துல யார் வீட்ல கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க. டாக்டரம்மாகிட்ட கேட்டப்போ அவங்க சிரிக்கல, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. பூச்சி மருந்து குடுக்கறதுல தப்பில்லை, ஸ்கூல்லயே அல்பெண்டசோல் குடுக்கறாங்க, ஆனா அது பூச்சிக்குத்தான், பல்லு கடிக்கிறதை நிறுத்தாதுன்னு சொன்னாங்க. சின்னப் பிள்ளைங்க நிறைய பேர் கடிக்கிறாங்க, பால் பல்லு விழுந்து புதுப்பல்லு வந்து கொஞ்ச வருஷத்துல பெரும்பாலும் தானா நின்னுடுது. ஆனா ஒண்ணு கேட்டாங்க, பையன் குறட்டை விடறானா, வாயைத் திறந்து வச்சு தூங்கறானா? ஆமா, ரெண்டும் உண்டு. அப்படின்னா மூக்குக்குப் பின்னாடி இருக்கற அடினாய்டுங்கற சதை வீங்கியிருக்கான்னு காட்டுங்கன்னு சொன்னாங்க. காட்டினோம், இருந்துச்சு, இப்ப அதுக்கு மருந்து ஓடுது. வேப்பங்கொழுந்துல நாங்க நிறுத்தியிருந்தா அது தெரியாமலே போயிருக்கும்.

பெரியவங்க கதைக்கு வந்தா, பல்லு கடிக்கிறது ரெண்டு விதம், தூக்கத்துல ஒண்ணு, முழிச்சிருக்கும்போது ஒண்ணு. தூக்கத்துல கடிக்கிறது பல்லு வரிசை சரியில்லாததுனாலன்னு ரொம்ப காலம் நம்பினாங்க, அந்த பழைய நம்பிக்கைலதான் இன்னும் சில பேரு பல்லை ராவறாங்க. ஆனா கனடாவுல மான்ட்ரியல்ல ஜில் லவீன்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர்கூட இருந்தவங்களும் தூங்கறவங்க தலைலயும் தாடைலயும் நெஞ்சுலயும் ஒயர் ஒட்டி ராத்திரி ராத்திரியா பதிவு பண்ணி பாத்தாங்க. பல்லு உரசறதுக்கு சில நொடி முன்னாடியே மூளை லேசா முழிச்சுக்குது, இதயத் துடிப்பு ஏறுது, அதுக்குப் பின்னாடிதான் தாடைத் தசை இறுகுது. தூங்கறவங்களுக்கு அந்த முழிப்பு தெரியவே தெரியாது. அப்ப இது மூளையிலயும் தூக்கத்துலயும் கிளம்பற விஷயம், பல்லு பாவம், நடுவுல மாட்டிக்கிட்டு தேயுது. 2018ல பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எழுதினதுல, வேற நோய் இல்லாத ஆளுக்கு தூக்கத்துல பல்லு கடிக்கிறதை ஒரு வியாதின்னே சொல்லக் கூடாது, அது தசையோட ஒரு நடவடிக்கை, சில பேருக்கு கெடுதல் பண்ணும், சில பேருக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட்டாங்க. கடிக்கிறவங்க எல்லாருக்கும் மூட்டு வலி வர்றதில்லை, மூட்டு வலிக்கிறவங்க எல்லாரும் கடிக்கிறதும் இல்லை.

காபி, சிகரெட், குடி மூணும் இதை கூட்டும். குறட்டையும் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றதும் சேர்ந்து இருக்கலாம், அப்படி இருந்தா அதை முதல்ல பாக்கணும். இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது, மனச்சோர்வுக்கும் பதட்டத்துக்கும் குடுக்கற ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் மாதிரி மாத்திரைங்க சில பேருக்கு பல்லு கடிக்கிறதை ஆரம்பிச்சு வைக்கும். மாத்திரை ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் இது வந்துச்சுன்னா எழுதிக் குடுத்த டாக்டர்கிட்டயே சொல்லுங்க, அளவை மாத்துவாங்க, மருந்தை மாத்துவாங்க. நீங்களா நிறுத்திடாதீங்க, அது இதைவிட பெரிய தொந்தரவு.

ஆனா என் விஷயத்துல ராத்திரியைவிட பகல்தான் பெரிய குற்றவாளின்னு தெரிஞ்சுச்சு. டாக்டரம்மா ஒரு வாரத்துக்கு ஒரு வேலை குடுத்தாங்க, மொபைல்ல மணிக்கு ஒரு தடவை அடிக்கற மாதிரி வச்சு, அடிக்கும்போது என் பல்லு எப்படி இருக்குன்னு மட்டும் எழுதிக்கிட்டு வரணும். சாப்பிடறது, முழுங்கறது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு மேல்பல்லும் கீழ்பல்லும் தொடற நேரம் சுமாரா இருபது நிமிஷம்தான் இருக்கணுமாம். என் நோட்டுல மதியம் மூணு மணிக்கு முன்னாடியே ஆறு தடவைல அஞ்சு தடவை "கடிச்சுக்கிட்டு"ன்னு எழுதியிருந்தேன். கீபோர்டு தட்டும்போது, கிளையண்ட்டு பில்லு அனுப்பாம இழுக்கும்போது, போர்ட்டல் சுத்திக்கிட்டே இருக்கும்போது, பையன் ஸ்கூல்லேருந்து போன் வந்தா, பஸ்ல நிக்கும்போது. ஸ்கூட்டில பின்னாடி உக்காந்திருக்கும்போது கூட. சத்தம் வராம, யாருக்கும் தெரியாம, எனக்கே தெரியாம.

எங்கப்பா 2019ல பக்கவாதம் வந்து படுத்தாரு. அப்ப ஆஸ்பத்திரி வராண்டால அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னது, "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருடி, எல்லாம் சரியாயிடும்." வேலைக்கு சேர்ந்த புதுசுல திருமங்கலத்துலேருந்து தினமும் போய்ட்டு வந்தப்பவும் இதேதான், பிரசவத்துக்குப் பின்னாடி மூணாவது மாசமே ஆபீஸ் போக வேண்டியிருந்தப்பவும் இதேதான். அம்மா பாசத்துல சொன்னது, அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை, அவங்களுக்குத் தெரிஞ்ச தைரியம் அது ஒண்ணுதான். நம்ம பாஷைல பொறுத்துக்கோன்னு சொல்றதுக்கே இந்த வார்த்தைதானே இருக்கு. நான் அதை அப்படியே செஞ்சிருக்கேன், நிஜமாவே பல்லைக் கடிச்சுக்கிட்டு. பொங்கலன்னைக்கு இலைல உக்காந்து வாய் திறக்கலன்னு யார்கிட்டயும் சொல்லாம சாப்பிட்டதும் அந்தப் பழக்கம்தான். இந்த மூட்டு வலி பொம்பளைங்களுக்குத்தான் ஜாஸ்தி வருது, அதுவும் இருபதுலேருந்து நாப்பது வயசுக்குள்ள. இதுக்கு உடம்பு சம்பந்தமான காரணங்களும் உண்டு, எல்லாத்தையும் மனசு மேல போடறதுல எனக்கு சம்மதம் இல்லை. டென்ஷனைக் குறைச்சுக்கோங்கன்னு ஒத்த வரியில சொல்லி அனுப்பற டாக்டருங்க மேல எனக்கு கோவமே வரும். 20ஆம் தேதியை நான் எங்க தள்ளி வைக்க முடியும்?

டாக்டரம்மா டென்ஷனைக் குறைக்கச் சொல்லல. பல்லைப் பிரிச்சு வைக்கச் சொன்னாங்க. உதடு சேரட்டும், பல்லு சேரக் கூடாது. நாக்கு நுனியை மேல் முன்பல்லுக்குக் கொஞ்சம் பின்னாடி அண்ணத்துல, 'ன்'னு சொல்லி நிறுத்தினா எங்க இருக்குமோ அங்க வச்சுக்கணும். இப்பவே சொல்லிப் பாருங்க, ன். நாக்கு அங்க இருக்கும்போது பல்லு தானா பிரிஞ்சு நிக்கும், தாடை தொங்கி ஓய்வெடுக்கும். மானிட்டர் ஓரத்துல ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்ல 'ன்'னு எழுதி ஒட்டி வச்சேன், பக்கத்து சீட்டு அக்கா இது என்ன எழுத்துன்னு கேட்டு, விஷயம் தெரிஞ்சு அவங்களும் ஒண்ணு ஒட்டிக்கிட்டாங்க.

அதுக்கு மேல செஞ்சது எல்லாம் சாதாரண விஷயங்கதான். வெதுவெதுப்பான தண்ணில துண்டை நனைச்சு பிழிஞ்சு ரெண்டு கன்னத்துலயும் பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஒத்தடம், காலைல ஒரு தடவை, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை. ஆறு வாரம் இட்லி, இடியாப்பம், பொங்கல், ரசஞ்சாதம், நல்லா வெந்த காய். முறுக்கு, பரோட்டா, கொய்யா, கடலை மிட்டாய் எல்லாத்துக்கும் லீவு. கொட்டாவி வந்தா மோவாய்க்கு அடில கையை முட்டுக் குடுத்து ரொம்ப திறக்காம பாத்துக்கணும். போனை தோளுக்கும் காதுக்கும் நடுவுல செருகிக்கிட்டு டைப் அடிக்கிறதை விட்டேன், ஹெட்செட் வாங்கினேன். கன்னத்துல கை வச்சு உக்கார்றதை விட்டேன், குப்புறப் படுக்கறதையும். அப்புறம் பிசியோதெரபி, அதுக்கு ஒரு பொண்ணு, கன்னத் தசையை உள்ளயும் வெளியயும் பிடிச்சு இறுக்கத்தை விடுவிச்சாங்க, தாடையை மெதுவா கீழ இழுத்து முன்னாடி நகத்த சொல்லிக் குடுத்தாங்க. வீட்ல நாக்கை அண்ணத்துல வச்சுக்கிட்டே வாயைத் திறந்து மூடறது ஆறு தடவை, அதை ஒரு நாளைக்கு ஆறு வேளை. முதல் ரெண்டு வாரம் ஒண்ணுமே மாறல, அழுதிருக்கேன். மூணாவது வாரம் வாய் 30 மில்லிமீட்டர் திறந்துச்சு. ஏப்ரல் கடைசில 36. இப்ப 41. சும்மாடு பழைய இடத்துக்கு திரும்பலன்னுதான் டாக்டரம்மா சொல்றாங்க, அது அங்கேயே இருந்தாலும் அதுக்குப் பின்னாடி இருக்கற திசு பழகி கெட்டியாகி சுமையைத் தாங்கிக்கும்னு சொல்றாங்க. வலி நூத்துக்கு எண்பது போச்சு.

ராத்திரி பல்லு மேல மாட்டிக்கற உறை, நைட் கார்டு, எனக்கும் செஞ்சாங்க, பல்லு அச்சு எடுத்து அக்ரிலிக்ல, மேல்பல்லு முழுக்க மூடற மாதிரி. இதைப் பத்தி நேர்மையா சொல்லணும்னா, இது கடிக்கிறதை நிறுத்தாது, கடிக்கும்போது பல்லுக்கு பதிலா பிளாஸ்டிக் தேயும், அதுக்குத்தான். என் கார்டுல எட்டு மாசத்துல பள்ளம் விழுந்திருக்கு, அந்தப் பள்ளம் என் பல்லுல விழுந்திருக்க வேண்டியது. வலிக்கு இதுமட்டுமே போதும்னு விக்கறாங்கன்னா நம்பாதீங்க. 2023 டிசம்பர்ல பிஎம்ஜே மருத்துவ இதழ்ல நாள்பட்ட தாடை வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வந்துச்சு, அதுல உறுதியா சிபாரிசு பண்ணது மனப் பழக்கங்களை மாத்திக்கற சிபிடி சிகிச்சை, கையால மூட்டை அசைச்சு விடறது, தசை முடிச்சுகளை அழுத்தி விடறது, ஒருத்தர் பக்கத்துல இருந்து சொல்லிக் குடுக்கற தாடைப் பயிற்சி, நோயாளிக்கு விஷயத்தைப் புரிய வைக்கறது, இதைத்தான். கழட்டி மாட்டற கார்டு, போடாக்ஸ் ஊசி, லேசர் இதெல்லாம் வலிக்கு பெருசா உதவறதில்லைன்னு வேண்டாம் பக்கமாத்தான் வச்சிருக்காங்க. டிஸ்க்கை வெட்டி எடுக்கற ஆபரேஷன் கூடவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ஆன்லைன்ல வாங்கி சுடுதண்ணில போட்டு கடிக்கிற கார்டு வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க, எல்லாப் பல்லையும் மூடாத துண்டு கார்டா இருந்தா மூடாத பல்லு நாளாவட்டத்துல நகர ஆரம்பிச்சுடும்.

அவசரப்பட்டு வெட்டறது ராவறதெல்லாம் வேண்டாம்னு நான் இவ்ளோ சொல்றதுக்கு இந்த நோயோட சரித்திரமும் ஒரு காரணம். 1934ல அமெரிக்காவுல ஜேம்ஸ் காஸ்டன்னு ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர், காது அடைப்பு, காது இரைச்சல், முகவலி எல்லாத்தையும் சேர்த்து, பல்லு விழுந்து கடி இறங்கினதுனாலதான் இதெல்லாம் வருதுன்னு எழுதினாரு. மூட்டைக் கவனிக்க வச்ச நன்மை அவருக்கு உண்டு, ஆனா அந்த விளக்கம் நிக்கல, இருந்தும் கடியை மாத்து கடியை மாத்துன்னு எத்தனையோ தலைமுறை பல்லு போச்சு. 1980கள்ல டிஸ்க்கை எடுத்துட்டு டெஃப்ளான் கலந்த ஒரு பொருளை வச்சாங்க, மெல்லுற அழுத்தத்துல அது துகளா நுணுங்கி சுத்தி இருந்த எலும்பையே அரிச்சுடுச்சு, கடைசில அதை சந்தையை விட்டே எடுத்தாங்க. அதை வச்சுக்கிட்டவங்கள்ல பெரும்பாலும் பொம்பளைங்கதான், அவங்கள்ல நிறைய பேருக்கு ஆபரேஷன் மேல ஆபரேஷன். படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கம் வரல. நிஜமாவே ஆபரேஷன் தேவைப்படறவங்க இருக்காங்க, கட்டி, எலும்பு ஒட்டிப் போறது, அடிபட்டு உடையறது, அது வேற கணக்கு.

தாடை வலின்னா எல்லாம் இதுதான்னு எடுத்துக்காதீங்க. வலி நெஞ்சுலேருந்தோ இடது கைலேருந்தோ தாடைக்கு ஏறினா, கூட வேர்த்தா, 108க்கு போன் பண்ணுங்க, பல் டாக்டர்கிட்ட போகாதீங்க. ஐம்பது வயசுக்கு மேல புதுசா மெல்லும்போது தாடை வலிச்சு, நெத்திப்பொட்டும் வலிச்சு, கண்ணு மங்கினா அது ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டதா இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும், கண்ணு போயிடும். வாய் திறந்தபடியே மூட முடியாம நின்னா மூட்டு விலகியிருக்கு, அதுக்கும் உடனே போகணும். பாக்கு, குட்கா போடறவங்களுக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமா திறக்கறது குறைஞ்சு, காரம் பட்டா எரிச்சலும் இருந்தா அது மூட்டுப் பிரச்சனையே இல்லை, வாய்க்குள்ள சதை நாராகி இறுகற வேற வியாதி, புற்றுநோய்க்கு முந்தின படி. எங்க ஆபீஸ்ல லோடு இறக்க வர்ற ஒரு அண்ணனுக்கு ரெண்டு விரல் கூட போகலன்னு தெரிஞ்சு நானே வற்புறுத்தி அனுப்பி வச்சேன். காசு இல்லைங்கறவங்க சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை மூணு இடத்துலயும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, ஓ.பி.ல ஓரல் மெடிசின் எங்கன்னு கேட்டுப் போங்க.

போன மாசம் அம்மா வீட்டுக்கு போனப்போ இதெல்லாம் உக்காந்து சொல்லிக்கிட்டு இருந்தேன், அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டுட்டு, எங்கம்மாவுக்கும் காது வலி காது வலின்னு ராத்திரி எல்லாம் உப்பு வறுத்து துணில கட்டி வச்சுக்குவாங்கடின்னு சொன்னாங்க. சரி, உனக்கு எப்படிம்மா இருக்குன்னு கேட்டேன். எனக்கென்ன, காலைல கொஞ்சம் கன்னம் வலிக்கும், வயசாச்சுல்லன்னு சொன்னாங்க. மொபைல் டார்ச்சை அடிச்சு வாயைத் திறக்கச் சொல்லி பாத்தேன். மேலயும் கீழயும் முன்பல்லு எல்லாம் ஒரே மட்டமா, கூர் ஒண்ணு கூட மிச்சமில்லாம, பழைய அம்மிக்கல்லு மாதிரி வழவழன்னு தேய்ஞ்சிருக்கு, நடுவுல மஞ்சளா உள்பல்லு தெரியுது. அப்பா படுக்கைல இருந்த மூணு வருஷமும் அவங்கதான் தனியா தூக்கி எடுத்து பாத்தாங்க, ஒரு நாள் கூட முடியலன்னு சொல்லல. மூணு விரல் வச்சுப் பாக்கச் சொன்னேன், ரெண்டரைதான் போச்சு.

வர்ற செவ்வாய்க்கிழமை டோக்கன் போட்டிருக்கேன். 11ஆம் தேதி முடிஞ்சதும் வர்ற செவ்வாய், லீவு சொல்லிட்டேன். அம்மா எதுக்குடி வீண் செலவுன்னு போன்ல சொன்னாங்க, அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அந்த நாக்கை எங்க வைக்கணும்னு சொன்ன, இன்னொரு தடவை சொல்லுன்னு கேட்டாங்க.